சி.சி. 4680/2004: எழும்பூர் கோர்ட்டுக்கு வந்த ஒரு பெண்ணின் தொலைபேசி எண்

போன் அடிக்கிறது. எடுத்தால் முன்பின் தெரியாத ஆண் குரல். முதல் வரியிலேயே எதற்காகக் கூப்பிட்டிருக்கிறார் என்று தெரிந்துவிடுகிறது. பதறிப்போய் வைத்தால் சற்று நேரத்தில் இன்னொரு அழைப்பு. ஆள் வேறு, கேள்வி அதே.

2004 பிப்ரவரியில் சென்னை சைபர் கிரைம் போலீசிடம் புகாரோடு வந்த பெண்ணின் நிலை இதுதான். யாகூவின் குழு ஒன்றில் அவரைப் பற்றி ஆபாசமான, பெயரைக் கெடுக்கும் செய்திகள் போடப்பட்டிருந்தன. கூடவே அவருடைய தொலைபேசி எண்ணும் இருந்தது. படித்தவர்கள் அவரே ஆள் தேடுகிறார் என்று நம்பிக் கூப்பிட்டார்கள். அவர் பெயரில் ஒரு போலி மின்னஞ்சல் கணக்கும் திறக்கப்பட்டு, அதன் வழியாகவும் செய்திகள் போயின.

செய்தவர் யாரோ ஊர் பேர் தெரியாத ஆள் இல்லை. குடும்ப நண்பர். அந்தப் பெண்ணைத் திருமணம் செய்துகொள்ள ஆசைப்பட்டவர். அந்தப் பெண் வேறொருவரை மணந்தார். அந்த மணவாழ்க்கை விவாகரத்தில் முடிந்தது. அப்புறம் இவர் மறுபடி தொடர்புகொள்ள ஆரம்பித்தார். பெண் மறுத்துவிட்டார். மறுப்புக்குக் கிடைத்த பதில்தான் அந்த யாகூ செய்திகள்.

எழும்பூர் கூடுதல் முதன்மைப் பெருநகர மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நடந்த இந்த வழக்குதான், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவின் கீழ் இந்தியாவிலேயே முதல் தண்டனை வாங்கித் தந்தது. சட்டப் பாடநூல்களில் இது ஒரு பத்தியில் வந்துவிட்டுப் போகும். அந்த ஒரு பத்திக்கு மேல் இதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்பது என் எண்ணம். இணையத்தில் பெயர் கெடுக்கப்பட்டு வருகிறவர்களிடம் இருபது வருடம் கழித்தும் நான் இந்த வழக்கைத்தான் எடுத்துச் சொல்கிறேன். வழக்கின் தலைப்பில் குற்றவாளியின் பெயர் இருக்கிறது. இங்கே அது தேவைப்படாது. பெண்ணின் பெயர் எங்கேயுமே தேவையில்லை.

சென்னைப் புகார், மும்பை ஆள்

புகார் வந்த சில நாட்களிலேயே போலீஸ் அந்த நபரை மும்பையில் பிடித்தது. 2004-ஐ நினைத்துப் பாருங்கள். வீட்டில் இணையம் இருந்தவர்கள் குறைவு. மின்னஞ்சல் பார்ப்பதென்றால் பிரௌசிங் சென்டருக்குப் போய் மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார வேண்டும். செய்தி எந்த ஐ.பி. முகவரியிலிருந்து (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) போனது என்று தேடினால், அது பிரௌசிங் சென்டரில்தான் போய் நிற்கும். இந்த வழக்கில் அந்தக் கடைக்காரர்களே சாட்சிக் கூண்டு ஏறினார்கள்.

மும்பையில் உட்கார்ந்து தட்டியதற்குச் சென்னையில் எப்படி வழக்கு என்று இன்றும் கேட்கிறார்கள். காவல் நிலையத்திலேயே சில சமயம், "அது அந்த ஊர் லிமிட், அங்கே போங்க" என்ற பதில் வருகிறது. சட்டத்தில் அப்படி இல்லை. செயல் நடந்த இடத்திலும் விசாரிக்கலாம், அதன் விளைவு விழுந்த இடத்திலும் விசாரிக்கலாம். அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவு அதைச் சொன்னது. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவு சொல்கிறது. போதாததற்கு, எந்தக் காவல் நிலையத்திலும் எஃப்.ஐ.ஆர். போடலாம் என்பதை அதே சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு எழுத்திலேயே கொண்டுவந்துவிட்டது. மின்னணு வழியாகவும் தகவல் கொடுக்கலாம். மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். "எங்கள் லிமிட் இல்லை" என்ற பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள்.

அவதூறு வழக்கு, ஆனால் அவதூறுப் பிரிவு இல்லை

2004 மார்ச் 24-இல் குற்றப்பத்திரிகை தாக்கலானது. 18 சாட்சிகள், 34 ஆவணங்களும் பொருட்களும். பிரிவுகள் மூன்று: தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67, இந்திய தண்டனைச் சட்டம் 469, 509.

இந்த மூன்றில் அவதூறுக்கான 499-ம் 500-ம் இல்லை என்பதைக் கவனியுங்கள். இவ்வளவு அப்பட்டமாகப் பெயரைக் கெடுத்த காரியத்துக்கு அவதூறுப் பிரிவே இல்லையா என்று முதன்முதலாகப் படிக்கும்போது எனக்கும் தோன்றியது. பிறகுதான் அதில் இருக்கும் பிடி புரிந்தது.

அவதூறு என்பது போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்கக்கூடிய குற்றம் இல்லை. பாதிக்கப்பட்டவர் நேராக மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் தாக்கல் செய்ய வேண்டும். அவரே சாட்சிகளைக் கூட்டி வர வேண்டும், அவரே வக்கீல் வைக்க வேண்டும். எதிரி யார் என்று தெரிந்தால் அது நடக்கும். முகம் தெரியாத ஒருவன் போலிப் பெயரில் போட்டிருந்தால்? யாகூவிடமோ தொலைத்தொடர்பு நிறுவனத்திடமோ ஒரு தனிமனிதர் போய், "இதைப் போட்டவர் யார், சொல்லுங்கள்" என்று கேட்டால் யார் சொல்வார்கள்? அதைக் கேட்டு வாங்கும் அதிகாரம் விசாரணை அதிகாரியிடம்தான் இருக்கிறது. அவர் விசாரிக்க வேண்டுமென்றால் போலீஸ் நேரடியாகக் கையில் எடுக்கத்தக்க பிரிவு ஒன்று வேண்டும்.

அதைத்தான் 469 செய்தது. ஒருவர் பெயரைக் கெடுக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு போலி ஆவணம் உண்டாக்குவது 469. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இல் வந்தபோது, தண்டனைச் சட்டத்தின் போலி ஆவணப் பிரிவுகளில் "மின்னணு ஆவணம்" என்பதையும் சேர்த்துவிட்டார்கள். அந்தச் சின்னச் சேர்க்கை இல்லையென்றால் இந்த வழக்கு வேறு மாதிரி போயிருக்கும். அந்தப் பெண் எழுதாத ஒன்றை அவர் எழுதியது போலக் காட்டுவதுதான் இங்கே நடந்த குற்றத்தின் உயிர்நாடி. யாரோ ஒருவர் அவரைத் திட்டி எழுதியிருந்தால் அது அவதூறு. அவரே தன்னைப் பற்றி எழுதியது போல எழுதினால் அது போலி ஆவணம். கூப்பிட்ட ஆண்கள் அத்தனை பேரும் ஏமாந்தது அதனால்தான்.

509 என்பது பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் சொல், செய்கை. 67 என்பது ஆபாசத்தை மின்னணு வடிவில் வெளியிடுவது. மூன்று பிரிவும் மூன்று காயத்தைத் தொடுகின்றன: பெயர், கண்ணியம், பொதுவெளியில் போடப்பட்ட ஆபாசம். புகாரை எழுதும்போதே இப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும். "என்னை இணையத்தில் அசிங்கப்படுத்திவிட்டார்கள்" என்று பொதுவாக எழுதிய புகார், அவதூறு என்று முத்திரை குத்தப்பட்டு, "கோர்ட்டுக்குப் போய் பார்த்துக்குங்க" என்று திரும்பி வந்துவிடும்.

புதிய சட்டத்தில் எண்கள் மாறிவிட்டன, சரக்கு அதேதான். 469 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 336(4). 509 இப்போது 79. அவதூறு 356. 67 தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலேயே இருக்கிறது. 2009-இல் அமலான திருத்தத்தில் முதல் குற்றத்துக்கான அதிகபட்சச் சிறை ஐந்து ஆண்டிலிருந்து மூன்றாகக் குறைந்தது, அபராதம் 5 லட்சம் வரை ஏறியது. வெளிப்படையான பாலியல் காட்சி என்றால் 67ஏ என்ற தனிப் பிரிவு வந்தது. ஒரு பெண் மறுத்த பிறகும் இணையம் வழியாக விடாமல் தொடர்வதை 2013-க்குப் பிறகு பின்தொடர்தல் குற்றமாகவே சேர்த்துவிட்டார்கள். இன்றைக்கு அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு. 2004-இல் அந்தப் பெண்ணுக்கு அது கிடையாது.

"அவளே போட்டிருப்பாள்"

அரசுத் தரப்பு 12 சாட்சிகளை விசாரித்தது. எதிர்த்தரப்பு எடுத்த வாதம் இரண்டு.

முதலாவது: இந்தச் செய்திகளை அந்தப் பெண்ணின் முன்னாள் கணவர் போட்டிருக்கலாம்; இல்லையென்றால், தன் திருமணக் கோரிக்கையை எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) நிராகரித்ததால் பெண்ணே அவரை மாட்டிவிடப் போட்டிருக்கலாம்.

படிக்கவே வயிறு எரியும். ஆனால் இந்த வாதத்தை ஒதுக்கித் தள்ள முடியாது. இணைய வழக்கு எல்லாவற்றிலும் இது வரும். என் அலுவலகத்துக்கு வருகிற எல்லோரையும் இதற்குத் தயார் செய்துதான் அனுப்புகிறேன். ஏனென்றால் இதற்குள் ஒரு நேர்மையான கேள்வியும் ஒளிந்திருக்கிறது. ஒரு ஐ.பி. முகவரி ஒரு கணினி வரைக்கும் கொண்டுபோய் விடும். அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தது யார் என்று அது சொல்லாது. அந்த இடைவெளியை மனிதர்கள்தான் நிரப்ப வேண்டும். எழும்பூர் வழக்கில் அதை நிரப்பியவர்கள் பிரௌசிங் சென்டர்க்காரர்கள். நீதிமன்றம் தீர்ப்புக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது அவர்களுடைய சாட்சியத்தையும் நிபுணர் சாட்சியத்தையும்தான்.

இன்றைக்கு பிரௌசிங் சென்டர் கிட்டத்தட்ட ஒழிந்துவிட்டது. ஆளாளுக்குக் கையில் போன். அதனால் வேலை சுலபமாகிவிட்டது என்று நினைத்தால் தவறு. மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது ஐ.பி. முகவரியை ஒரே நேரத்தில் நிறையப் பேருக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. ஐ.பி.யை மட்டும் எழுதி அனுப்பினால் நூற்றுக்கணக்கான பெயர்கள் வரலாம். போர்ட் எண்ணும் (ஒரே முகவரியில் இருக்கும் இணைப்புகளைப் பிரித்துக் காட்டுவது) நொடி வரை துல்லியமான நேரமும் சேர்த்துக் கேட்டால்தான் ஒரு ஆள் வருவார். நேரத்திலும் ஒரு பொறி இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனம் தரும் பதிவு பெரும்பாலும் உலக நேரத்தில் இருக்கும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். அதைக் கூட்டாமல் அப்படியே எழுதிக் கேட்டால், அந்த நேரத்தில் அந்த முகவரியில் இருந்த வேறு யாரோ ஒரு அப்பாவியின் பெயர் வந்து நிற்கும்.

இரண்டாவது வாதம்தான் இந்த வழக்கைச் சட்ட வரலாற்றில் நிற்க வைத்தது. மின்னணு ஆவணங்கள் சில சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின்படி செல்லாது என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

65பி என்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோடு 2000 அக்டோபரில் சாட்சியச் சட்டத்துக்குள் நுழைந்த பிரிவு. கணினியில் இருப்பதை அச்சிட்டோ சிடியில் எழுதியோ கோர்ட்டில் கொடுத்தால், அது அசலுக்குச் சமமாக ஏற்கப்படும். ஆனால் சும்மா இல்லை. அந்த ஆவணம் எது, எப்படி எடுக்கப்பட்டது, எந்தக் கருவியிலிருந்து எடுக்கப்பட்டது, அந்தக் கருவி அப்போது ஒழுங்காக வேலை செய்ததா என்று பொறுப்பில் இருக்கும் ஒருவர் கையெழுத்திட்டுச் சான்றிதழ் தர வேண்டும். நாலு வருடப் பிரிவு அது. பெரும்பாலான வக்கீல்கள் அதைப் பயன்படுத்திப் பார்த்ததே இல்லை.

எழும்பூரில் அரசுத் தரப்பிடம் அந்தச் சான்றிதழ் இருந்தது. நாவி என்று அறியப்படும் சைபர் சட்ட நிபுணர் விஜயசங்கர், யாகூ குழுவில் இருந்த பக்கங்களைத் தானே பார்த்து, அச்செடுத்து, 65பி சான்றிதழோடு கொடுத்திருந்தார். நிபுணர் சாட்சியாகவும் நின்றார். நாட்டில் கோர்ட்டில் தாக்கலான முதல் 65பி சான்றிதழ் என்று அதைச் சொல்வார்கள். நீதிமன்றம் ஆவணங்களை ஏற்றது.

அந்தத் தாளின் அருமை அப்போது தெரியவில்லை. பத்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது. 2005-இல் நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் உச்ச நீதிமன்றம், சான்றிதழ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வேறு வழியிலும் நிரூபிக்கலாம் என்றது. கீழ் நீதிமன்றங்கள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டன. ஒன்பது வருடம் இப்படியே ஓடியது. 2014 செப்டம்பர் 18-இல் பி.வி. அன்வர் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தலைகீழாக்கியது.

அதுவும் ஒருவகையில் பெயர்க் கேடு பற்றிய வழக்குதான். கேரளத்தின் ஏறநாடு தொகுதியில் 2011 சட்டமன்றத் தேர்தலில் தோற்ற அன்வர், தன்னைப் பற்றிப் பொய்ப் பிரச்சாரம் செய்து ஜெயித்தார்கள் என்று வழக்குப் போட்டார். ஆதாரம், பாட்டும் அறிவிப்பும் அடங்கிய சிடிக்கள். பதிவுகளைக் கணினியில் ஏற்றி, அதிலிருந்து சிடி போட்டிருந்தார்கள். சான்றிதழ் இல்லை. நீதிபதி குரியன் ஜோசப் எழுதிய தீர்ப்பு அந்த சிடிக்களை ஒதுக்கியது. சொன்ன புகார் உண்மையா பொய்யா என்ற கேள்விக்கே அந்த சிடிக்களால் போய்ச் சேர முடியவில்லை. ஒரு தாள் இல்லாததால்.

அப்புறமும் ஆட்டம் நிற்கவில்லை. 2018-இல் இரண்டு நீதிபதிகள் அமர்வு, கருவி தன் கையில் இல்லாதவருக்குச் சான்றிதழ் தேவையில்லை என்று தளர்த்தியது. 2020 ஜூலை 14-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் நீதிபதிகள் நரிமன், ரவீந்திர பட், வி. ராமசுப்பிரமணியன் ஆகிய மூவரும் மறுபடி இறுக்கினார்கள். சான்றிதழ் கட்டாயம். தர மறுக்கிறார்களா, கோர்ட்டில் மனுப் போட்டுக் கேட்டு வாங்கு. அசல் கருவியையே கொண்டுவந்து அதன் சொந்தக்காரர் சாட்சி சொன்னால் மட்டும் தேவையில்லை. சான்றிதழுக்குப் பதிலாக கருவிக்குப் பொறுப்பானவர் வாய்மொழியாகச் சாட்சி சொன்னால் போதும் என்று நம் சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் சொன்னதையும் அதே தீர்ப்பு தவறு என்று தள்ளியது.

ஆக, 2005 முதல் 2014 வரை நாடு முழுக்க எத்தனையோ வழக்குகள் சான்றிதழ் இல்லாமல் நடந்துகொண்டிருக்க, அதற்கு முன்பே எழும்பூரில் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அது முறைப்படி நடந்து முடிந்திருந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளையே புரட்டிக்கொண்டிருக்கும் நாம் இந்தக் கீழ் நீதிமன்றத்துக்கு உரிய மரியாதையை இன்னும் கொடுக்கவில்லை.

தீர்ப்பு

2004 நவம்பர் 5. குற்றப்பத்திரிகை தாக்கலாகி ஏழரை மாதத்துக்குள். மாஜிஸ்திரேட் அருள்ராஜ் மூன்று பிரிவிலும் குற்றம் நிரூபணமானதாகத் தீர்ப்பளித்தார். 469-க்கு இரண்டு ஆண்டு கடுங்காவல், 500 ரூபாய் அபராதம். 509-க்கு ஓராண்டு வெறுங்காவல், 500 ரூபாய் அபராதம். 67-க்கு இரண்டு ஆண்டு கடுங்காவல், 4,000 ரூபாய் அபராதம். எல்லாம் ஏககாலத்தில். அபராதத்தைக் கட்டிவிட்டு அந்த நபர் சென்னை மத்திய சிறைக்குப் போனார்.

509-க்கு அன்று சட்டத்தில் இருந்த உச்சபட்சமே ஓராண்டுதான்; அதை முழுதாகக் கொடுத்திருக்கிறார்கள். (2013-இல் அது மூன்றாண்டு ஆனது.) மொத்த அபராதம் 5,000 ரூபாய் என்று பார்த்தால் மனம் சங்கடப்படும். அதில் ஒரு பைசா அந்தப் பெண்ணுக்கு என்று எழுதப்படவில்லை. நஷ்டஈடு வேண்டுமென்றால் தனியாக சிவில் வழக்குப் போட வேண்டும், அதுவும் எழுத்து வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள். குற்ற வழக்கின் ஓட்டத்தில் இந்த ஓராண்டுக் கெடு கைவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

எண்ணுக்கு என்ன நியாயம்?

இந்த வழக்கில் ஒரு காயத்துக்கு மட்டும் பிரிவே கிடைக்கவில்லை. அவருடைய தொலைபேசி எண்.

செய்தியில் எண் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், யாகூ குழுவில் நாலு பேர் படித்துவிட்டுப் போயிருப்பார்கள். எண் இருந்ததால்தான் அது வீட்டுக்குள் வந்து அடித்தது. ஆனால் ஒரு பெண்ணின் எண்ணை அவர் சம்மதம் இல்லாமல் பொதுவில் போடுவதையே தனியாகக் குற்றம் என்று சொல்லும் பிரிவு அன்றைக்குக் கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2009-இல் வந்த 66ஈ பிரிவும் அந்தரங்க உறுப்புகளின் படத்தைப் பற்றித்தான் பேசுகிறது.

அந்தரங்கம் என்ற உரிமை அன்றைக்கே இல்லாமல் இல்லை. அதற்கு வழி வெட்டியதும் தமிழ்நாட்டு வழக்குதான். ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் வெளியிடக் கூடாது என்று சிறை அதிகாரிகள் தடுத்தபோது, 1994-இல் உச்ச நீதிமன்றம் பத்திரிகையின் பக்கம் நின்றது. பொது ஆவணங்களில் இருப்பதை வெளியிடலாம் என்றது. அதே தீர்ப்பில், தன்னைத் தன்பாட்டில் விடுங்கள் என்று கேட்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றும், பாலியல் குற்றத்துக்கு ஆளான பெண்ணின் பெயர் வெளியே வரக் கூடாது என்றும் சொன்னது. 2017 ஆகஸ்ட் 24-இல் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உறுதி செய்தார்கள். ஆனால் அடிப்படை உரிமையை முதன்மையாக அரசுக்கு எதிராகத்தான் கேட்கிறோம். குடும்ப நண்பர் ஒருவர் எண்ணைப் போட்டுவிட்டால், ஒன்பது நீதிபதிகளின் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டும் ஏதாவது ஒரு தண்டனைப் பிரிவைத் தேடித்தான் ஆக வேண்டும்.

போட்டதை எடுக்க வைப்பது இன்னொரு போராட்டம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2021 விதிகள், அந்தரங்கப் படம், போலிக் கணக்கு, மார்பிங் (படத்தைத் திரிப்பது) போன்றவற்றுக்குப் பாதிக்கப்பட்டவரே புகார் செய்தால் 24 மணி நேரத்தில் நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று வைத்தன. ஆனாலும் 2025 ஜூலையில் ஒரு பெண் வக்கீல் தன் அந்தரங்க வீடியோக்களை எடுக்க வைக்க சென்னை உயர் நீதிமன்றத்துக்கே வர வேண்டியிருந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 48 மணி நேரத்தில் எடுக்கச் சொல்லி மத்திய அமைச்சகத்துக்கு உத்தரவிட்டார். போலீஸ் ஆவணத்தில் அவர் பெயர் இருந்ததையும் நீக்கச் சொன்னார். புகார் கொடுக்க வந்த பெண்ணின் அந்தரங்கத்தை விசாரணையே உடைப்பது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்பதற்கு அந்த வழக்கு சாட்சி.

நாட்கள் இதில் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு சேலம் மாவட்டத்தில் 2016-இல் நடந்ததை நினைத்தால் போதும். ஒரு இளம்பெண்ணின் படத்தை மார்பிங் செய்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். பெற்றோர் புகார் கொடுத்தார்கள். நடவடிக்கை தாமதமானது. படம் மறுபடி வந்தது. அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். மாவட்டக் காவல் அதிகாரி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் சில நாட்களில் மும்பை வரை போய் ஆளைப் பிடித்த அதே மாநிலப் போலீஸ்தான்.

66ஏ இல்லாமலே

"66ஏ-வை எடுத்துவிட்டார்கள், அதனால்தான் இணையத்தில் யாரையும் தண்டிக்க முடியவில்லை" என்று படித்தவர்களே சொல்வதைக் கேட்கிறேன். இணையத்தில் "மிகவும் புண்படுத்தும்" செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு அது. எழும்பூர் வழக்கின் தேதியைப் பாருங்கள். 66ஏ அமலுக்கு வந்தது 2009-இல். இந்தத் தண்டனை அதற்கு ஐந்து வருடம் முந்தையது.

66ஏ எதற்குப் பயன்பட்டது என்றும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2012-இல் புதுச்சேரியைச் சேர்ந்த ஒருவர் கார்த்தி சிதம்பரத்தைப் பற்றி ஒரு ட்வீட் போட்டதற்குக் கைதானார். "மிகவும் புண்படுத்தும்" என்ற சொல்லுக்குள் யாரை வேண்டுமானாலும் இழுத்துப் போடலாம். ஸ்ரேயா சிங்கல் வழக்கில் 2015 மார்ச் 24-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது சரிதான் என்பேன். அதிகாரத்தில் இருப்பவரை விமர்சிப்பதும், மறுத்த பெண்ணின் எண்ணை ஆபாசக் குழுவில் போடுவதும் ஒரே பிரிவில் அடங்கக் கூடாது.

அவதூறைக் குற்றமாக வைத்திருப்பதே சரியா என்ற கேள்வி தனி. 2016-இல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பணமும் பதவியும் உள்ளவர்களுக்கு அது நல்ல தடி. ஆனால் "நான் எழுதவில்லை, ஃபார்வர்டு மட்டும்தான் செய்தேன்" என்ற சாக்கு எந்தப் பிரிவிலும் எடுபடாது. பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய பதிவைப் பகிர்ந்த வழக்கில் எஸ்.வி. சேகர் சொன்னது அதுதான். சமூக ஊடகத்தில் அனுப்பிய செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு மாதிரி என்று சொல்லி 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வழக்குகளை ரத்து செய்ய மறுத்தது. யாகூ குழுவில் அந்தச் செய்தியைப் படித்து நண்பர்களுக்கு அனுப்பியவர்கள் யாரும் எழும்பூரில் எதிரிகளாக நிற்கவில்லை. இன்றைக்கு நின்றிருப்பார்கள்.

இன்றைக்கு அதே புகார் வந்தால்

சில மாதங்களுக்கு முன் ஒரு அப்பா வந்தார். மகள் பெயரில் யாரோ போலிக் கணக்கு திறந்து, படமும் எண்ணும் போட்டிருக்கிறார்கள். போனில் ஸ்கிரீன்ஷாட் காட்டினார். மகள் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று படத்துக்கு மேலேயும் கீழேயும் வெட்டி, உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது. கணக்கின் முகவரி இல்லை. தேதி இல்லை. நேரம் இல்லை. அதற்குள் இன்னொரு உறவினர் கோபத்தில் அந்தக் கணக்கை ரிப்போர்ட் செய்து எடுக்க வைத்துவிட்டார்.

"அதான் எடுத்தாச்சே சார், நல்லதுதானே?" என்றார்.

நல்லதுதான். ஆனால் கையில் இருந்த சான்றும் அதோடு போய்விட்டது. அந்த அப்பாவிடம் அதைச் சொல்லும்போது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முதலில் பதிவு, பிறகுதான் நீக்கம். பதிவு என்றால் முழுப் பக்கமும், மேலே முகவரியும், தேதியும் நேரமும் தெரிய, முடிந்தால் கணக்கைத் திறந்து உள்ளே போவதையே வீடியோவாக. அதை முதலில் எடுத்த போனை விற்கக் கூடாது, ரீசெட் செய்யக் கூடாது. அசல் அதில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படத்தின் அளவும் உள்விவரமும் மாறிவிடும், அதனால் அது அசலும் இல்லை. இதெல்லாம் ஒரு மணி நேர வேலை. அதே நாளில் 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்கோ மத்திய அரசின் சைபர் கிரைம் தளத்துக்கோ புகார், அதன் பிறகு நிறுவனத்துக்கு நீக்கக் கோரிக்கை.

2024 ஜூலை 1 முதல் 65பி போய், பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு வந்திருக்கிறது. சான்றிதழுக்குச் சட்டத்திலேயே படிவம் இருக்கிறது, இரண்டு பகுதியாக. 'அ' பகுதியில் கருவியை வைத்திருப்பவர் கையெழுத்திட வேண்டும்: என்ன கருவி, என்ன மாடல், சீரியல் எண், ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்). 'ஆ' பகுதி நிபுணருக்கு. இரண்டிலும் கோப்பின் ஹாஷ் மதிப்பை எழுத வேண்டும். அது கோப்பின் கைரேகை மாதிரி. படத்தில் ஒரு புள்ளி மாறினால்கூட எண் முழுக்க மாறிவிடும். எஸ்.எச்.ஏ.256 முறையில் எடுத்தால் 64 எழுத்து வரும். அந்த 'ஆ' பகுதியில் யார் நிபுணர் என்பதில் கீழ் நீதிமன்றங்களில் இன்னும் இழுபறி இருக்கிறது. சாதாரணக் குடும்பம் ஒன்று நிபுணருக்கு எங்கே போகும் என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒருவரையாவது அரசு நியமித்து, கட்டணம் இல்லாமல் இந்தக் கையெழுத்தைப் போடச் செய்ய வேண்டும். 2004-இல் அந்தப் பெண்ணுக்கு ஒரு நாவி கிடைத்தார். எல்லோருக்கும் கிடைக்க மாட்டார்.

அந்த அப்பா மறுநாள் மகளோடு வந்தார். அந்தப் பெண்ணின் தோழி ஒருத்தி, யாருக்கும் சொல்லாமல், கணக்கு நீக்கப்படுவதற்கு முந்தைய இரவே முழுப் பக்கத்தையும் தன் போனில் எடுத்து வைத்திருந்தாள். மேலே முகவரி, ஓரத்தில் இரவு 11.40 என்று நேரம். தோழியை வரச் சொன்னோம். போனை வாங்கி மேசையில் வைத்து, மாடலையும் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் பார்த்து எழுதி, ஹாஷ் எடுத்தேன். 64 எழுத்தையும் அவள் வாசிக்க வாசிக்க, நான் படிவத்தில் நிரப்பினேன். இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு அவள் கையெழுத்துப் போட்டாள்.